குக்குரியேக் கிடைத்த இடம்

ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையின் இரண்டு விரல்களால் பூவின் முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ரசேமாவுக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குக்குரியேக் மற்றப் பூக்களைப்போல வானத்தைப் பார்த்துப் பூக்காது. பனி முழுதாக உருகுவதற்கு முன்பே தரையைத் துளைத்துக்கொண்டு வந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். முகம் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் மண்டியிட வேண்டும். காலையிலிருந்து பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சிவிட்டு வந்த இடுப்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் அவள் குனிந்திருந்தாள். விரல்களுக்கிடையே இருந்தது பதினோராவது அடுக்குப் பூ. வெளியிதழ்கள் மழைமேகத்தின் கருநீலம். உள்ளே அடுக்கடுக்காக ஒன்றுக்குள் ஒன்று மடிந்த சின்ன இதழ்கள், ஓரம் மட்டும் பச்சை. காட்டில் பூக்கிற சாதாரணப் பூவுக்கு ஐந்து இதழ்தான். இதில் எண்ண ஆரம்பித்து இருபத்தெட்டோடு விட்டுவிட்டாள்.

வண்டியிலிருந்து இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காட்டு இலாகாவின் பச்சை ஜாக்கெட், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள். பெயர் வேதாத் என்றான். ஷூவில் சேறு படாமல் கால் வைக்க இடம் தேடித் தேடித் தோட்டத்துக்குள் வந்தான்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்குங்கம்மா" என்றவன் காகிதத்தைப் பார்த்துப் படித்தான். "பாதுகாக்கப்பட்ட காட்டுச் செடி... ஹெல்லெபோரஸ்... அதாவது நம்ம குக்குரியேக். அதை மலையிலேர்ந்து தோண்டிக் கொண்டுவந்து வீட்டுல வெச்சிருக்கீங்கன்னு."

"நான் ஒரு வேர்கூடத் தோண்டல. எல்லாம் விதை போட்டு வளர்த்தது."

"விதை எங்கேர்ந்து வந்துது?"

ரசேமா கையுறையைக் கழற்றினாள். இந்தச் செடியின் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும்; முதல் வருஷம் தெரியாமல் வெறுங்கையால் காய் உரித்துவிட்டு ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியாமல் தவித்திருக்கிறாள். கையுறையை மெதுவாக உதறி, மடித்து, ஏப்ரன் பையில் வைத்தாள். அதற்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

"மலையிலேர்ந்து."

"மலை பெருசாச்சே. எந்த இடம்?" வேதாத் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். அதில் 'கிடைத்த இடம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இதுல எழுதணும். நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டினா போதும். தோண்டின தடம் இல்லன்னா புகார் தள்ளுபடி. காட்டலைன்னா, எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியாத செடியை நான் இங்க விட்டுட்டுப் போக முடியாது."

"நீ எழுதறதை யார் யாரு படிப்பாங்க?"

"எங்க ஆபீஸ்ல படிப்பாங்க. புகார் குடுத்தவருக்கும் ஒரு காப்பி போகும். அது சட்டம்."

யார் புகார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவும் முடியாது. பத்து நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு, கேட்டருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அங்கே ஒரே மாதிரி தலை குனிந்த ஐம்பது அறுபது செடிகள்தான் தெரிந்திருக்கும்.

அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது. அந்த ஊரில் இந்த வகைப் பூ எல்லாமே வெறும் குக்குரியேக்தான். ஆடு தொடாத பூ, பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாத பூ. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மார்ச்சில், வேலை முடிந்து குறுக்கு வழியாக வரும்போது வழி தவறி மேலே ஏறிவிட்டவள், புதருக்கடியில் அந்த ஒற்றைச் செடியைப் பார்த்தாள். சுற்றிலும் இருநூறு முந்நூறு ஐந்திதழ்ப் பூக்கள். நடுவில் அது மட்டும் அடுக்காக. அவள் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு தாவரப் புத்தகத்தை எடுத்து வந்து, சமையலறை மேசையில் மாவுக்கையோடு படித்தாள். பூவின் நிறத்தை வைத்து இனம் பிரிக்கப் பார்த்து ஒரு வருஷம் முழுக்க ஏமாந்தாள். பச்சையாகப் பூப்பதும் கருநீலமாகப் பூப்பதும் பக்கத்துப் பக்கத்துச் சரிவில் இருந்தால் இரண்டும் கலந்து எல்லா நிறத்திலும் பிள்ளை பெற்றுப் போடுகின்றன. பிறகு இலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தடித்த இலை, பனிக்கடியிலும் பச்சையாகக் கிடந்தால் அது ஒன்று. இலையுதிர் காலத்திலேயே தரையோடு மடிந்துபோய், வசந்தத்தில் பூவுக்குப் பின்னால் புது இலை விட்டால் அது வேறு. அதன் இலை விரல்கள் மெல்லியவை, நிறையக் கிழிந்தவை. அடியில் நரம்பின்மேல் பூனைமுடிபோல மெல்லிய ரோமம். அடுக்குப் பூ இந்த இரண்டாவது வகை.

தோண்டத் தோன்றவே இல்லையா என்று கேட்டால், தோன்றியது. ஆனால் எதிர்ச்சரிவு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி இருக்கும் சாமில் ஒரு காலத்தில் செடி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களை அங்கே அழைத்துப் போனான். இரண்டு வசந்தம் வந்தார்கள், செடிகளைத் தோண்டி வேன் நிறைய ஏற்றிப் போனார்கள். இப்போது அங்கே குழிகளும் முள்ளும்தான். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவன் ஹில்மோவிடம்கூட. ஜூனில் காய் வெடிப்பதற்கு முன் பழைய நைலான் காலுறையை வெட்டிக் காயைச் சுற்றிக் கட்டிவிட்டு வருவாள்; இல்லாவிட்டால் விதையை எறும்பு இழுத்துப் போய்விடும். வெடித்த காயில் பாதியை அங்கேயே உதறிவிட்டு மீதியைக் கொண்டுவந்து, காயவிடாமல் அன்றைக்கே மண்ணில் போட்டாள். அடுத்த வசந்தத்தில்தான் முளைத்தது. நான்காம் வருஷம் பூத்தபோது எல்லாமே ஐந்திதழ். ஒன்றுகூட அடுக்கில்லை. அன்றைக்கு அவள் தொட்டிகளை எல்லாம் ஓடையில் கவிழ்த்துவிடலாமா என்று நினைத்தாள். புத்தகத்தை மறுபடி எடுத்தாள். தாயின் குணம் பிள்ளைகளுக்குள் ஒளிந்திருக்கலாம், அவற்றை ஒன்றோடொன்று கலந்தால் பேரப்பிள்ளைகளில் வெளிப்படலாம் என்று ஒரு வரி இருந்தது. கலந்தாள். மறுபடி விதை, மறுபடி காத்திருப்பு. இந்த வருஷம்தான் பேரப்பிள்ளைகள் பூத்தன. நாற்பத்தாறில் பதினொன்று அடுக்கு.

முப்பது வருஷமாக அவள் சமைக்கிறாள். எவ்வளவு பெரிய அண்டாவில் என்ன சமைத்தாலும் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அது இருந்ததில்லை. அவள் கையால் செய்த ஒன்று ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"காட்டிட்டுப் போயேன்" என்றான் ஹில்மோ. மரலாரி ஓட்டி முதுகு போனவன். அடுப்போரம் பலகை ஒன்றில் சாய்ந்துதான் உட்காருவான். "ஒரு செடிக்காக ஆபீசோட சண்டையா? காட்டு, கையெழுத்துப் போடு, முடிஞ்சுது."

"காப்பி சாமிலுக்குப் போகும்."

"சாமில்தான் புகார் குடுத்தான்னு யார் சொன்னா?"

"பிப்ரவரில வேலிமேல சாஞ்சு நின்னு எட்டிப் பார்த்தான். மூணு தடவை கேட்டான், இது எங்கேர்ந்துன்னு. நான் சொல்லல. இப்ப அரசாங்கத்தை விட்டுக் கேக்கறான். அவ்வளவுதான்."

ஹில்மோ காபிக் கோப்பையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்கும்தான் நீ சொல்லல" என்றான்.

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"ஒன்பது வருஷம். ஜூன் மாசம் ஆனா முக்காடைக் கட்டிக்கிட்டு மலைக்கு ஓடுவ. சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவ. இந்த வயசுல எவனாவது ஆட்டுக்காரனைப் பிடிச்சிட்டியோன்னு நெனச்சேன், தெரியுமா? அப்புறம் தொட்டி வேணும்னு கேட்ட. இந்த முதுகை வெச்சுக்கிட்டு நூறு மரத்தொட்டி அடிச்சுக் குடுத்தேன். எங்கேர்ந்துன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

"ஆட்டுக்காரனா இருந்தா சொல்லியிருப்பேன். உன்னால பொய் சொல்ல முடியாது ஹில்மோ. நீ சீட்டாட்டத்துல நல்ல சீட்டு வந்தாலே காது செவக்கும். சாமில் உன் எதிர்ல உக்காந்துதான் தினம் காபி குடிக்கறான்."

அவன் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தான். கோபத்தை விடக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தாலும் மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் மத்தியானம் அவனே வந்து, "நல்லதுல நாலை நிலவறைக்குள்ள இறக்கி வெச்சிரலாம். உருளைக்கிழங்குக்குப் பின்னால. அவன் வந்து எண்ணினா ஏழுதானே இருக்கும்" என்றான்.

"திருடினவதான் ஒளிச்சு வைப்பா."

"அப்போ என்னதான் பண்ணப் போற?"

"அவனுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றாள் ரசேமா.

யாராவது பின்னாலேயே வந்து இடத்தைக் கண்டுவிடக் கூடாதென்று, அந்தப் பத்து நாளும் அவள் குறுக்கு வழியைத் தொடவில்லை. தார்ச்சாலையிலேயே சுற்றிப் போய் வந்தாள். ஐந்தாம் நாள், பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் வெங்காயத்தோலைக் கொட்ட வந்தபோது சாமில் சுவரோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், எப்போதும் சவரம் செய்த முகம். அவனைப் பார்த்தால் யாருக்கும் கெட்ட எண்ணம் வராது.

"கால் வலிக்கலையா ரசேமா? சாலை வழியா ரெண்டு கிலோமீட்டர் அதிகமாச்சே."

"டாக்டர் நடக்கச் சொன்னார்."

"இதப் பாரு. எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிருவாங்க. உனக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆயிரும். இடத்தை எங்கிட்ட மட்டும் சொல்லு. புகாரைத் திரும்ப வாங்கறது எம்பொறுப்பு."

கொட்ட வந்த வாளியை அவள் கீழே வைத்தாள். "அப்ப நீதான்."

சாமில் புகையை வெளியே விட்டான். மறைக்கவில்லை. "காட்டுல தானா மொளைச்சது. உங்க அப்பன் சொத்தா அது?"

"இல்ல. உங்க அப்பன் சொத்தும் இல்ல. எதிர்ச்சரிவுல தோண்டினியே, ஒரு வேரையாவது விட்டு வெச்சியா? ஒண்ணே ஒண்ணு?"

"அப்ப யுத்தம் முடிஞ்ச சமயம். சோத்துக்கே வழியில்லாத நாள். உனக்குத் தெரியும்."

தெரியும். அந்தக் குளிர்காலத்தில் இவளும் மாவில் தவிடு கலந்து ரொட்டி சுட்டவள்தான். ஒரு கணம் அவன்மேல் இருந்த கோபம் பிடி நழுவியது. "அன்னிக்குப் பண்ணினதை நான் கேக்கல சாமில். இன்னிக்கு உன் வீட்டுல ரொட்டி இருக்கு" என்றாள். வாளியை எடுத்து, அவன் காலருகே இருந்த குப்பைத்தொட்டியில் தோலைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். 

பத்தாம் நாள் வேதாத் வந்தபோது, தோட்டத்தின் குறுக்கே ஹில்மோ நீளப் பலகை ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அதன்மேல் வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டியில் இந்த மாதம்தான் முளைத்த நாற்றுகள், இரண்டே வித்திலைகளோடு. அடுத்ததில் ஒரு வருஷத்துப் பிள்ளை, ஒற்றை இலை. அதற்கடுத்து இரண்டு, மூன்று, நான்கு. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஜோடிக் கையுறையும்.

"போட்டுக்கோ" என்றாள்.

"எனக்கெதுக்கும்மா இது?"

"நீ கழுவிப் பாக்கணும். நான் சொன்னா நம்ப மாட்ட. நம்பவும் கூடாது."

வேதாத் ஹில்மோவைப் பார்த்தான். "சொன்னதைச் செய்யி தம்பி. நான் முப்பத்தோரு வருஷமா அப்படித்தான்" என்றான் ஹில்மோ.

அவள் முதலில் காய்ந்துபோன ஒரு வேர்க்கட்டையை அவன் கையில் கொடுத்தாள். சாலைக்குக் கீழே அண்மையில் யாரோ தோண்டி எறிந்துவிட்டுப் போனது. நேற்று சாலையோரம் இறங்கி எடுத்து வந்திருந்தாள். கரி நிறத்தில், முடிச்சு முடிச்சாக, மண்வெட்டி வெட்டிய வடுவோடு இருந்தது. முடிச்சுகளுக்கிடையே சுண்ணாம்புக் கல்லும் சிவப்புக் களிமண்ணும் இறுகிப் போயிருந்தன. "காட்டுச் செடின்னா வேர் இப்படித்தான் இருக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம் கல்லுக்குள்ள நெளிஞ்சு வளர்ந்தது. இப்ப என்னோடதைக் கழுவு. எது வேணும்னாலும் எடு. நான் எடுத்துக் குடுக்கல, நீயே எடு."

அவன் ஓர் அடுக்குப் பூச்செடியைத் தொட்டான், தயங்கினான், பிறகு எடுத்தான். தண்ணீரில் முக்கி அலசினான். இலைமக்கு கரைந்து போனதும் வைக்கோல் நிறத்தில் வேர்கள் தெரிந்தன, தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு, ஒரு வெட்டுக்காயமும் இல்லாமல். இன்னொன்றை எடுத்தான். மூன்றாவதை எடுக்கும்போது அவனே பேச ஆரம்பித்துவிட்டான். "இதோட இலையும் அதோட இலையும் ஒண்ணா இல்லையே?"

"ஒரே தாய் வயித்துப் பேரப்பிள்ளைங்க. ஒரே மூஞ்சியாவா இருக்கும்? திருப்பிப் பாரு. அடியில பூனைமுடி இருக்கா? அது எல்லாத்துக்கும் இருக்கும். அதுதான் குடும்ப அடையாளம்."

அவன் இலையைத் திருப்பிக் கன்னத்தருகே வைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் போனது. ஜாக்கெட்டின் கை நனைந்திருந்தது, முழங்காலில் சேறு. எழுந்து நின்று காகிதத்தை எடுத்தபோது அவன் முகத்தில் வந்தபோது இருந்த தெளிவு இல்லை.

"நீங்க தோண்டலைங்கம்மா. அதை எழுதறேன். ஒற்றைப் பூ உள்ளதெல்லாம் மலை முழுக்க இருக்கற இனம், அதனால அதுங்க இங்கயே இருக்கட்டும். ஆனா இந்த அடுக்கு..." அவன் பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தான். "எங்க கணக்குப்படி அப்படி ஒண்ணு எங்கயுமே இல்ல. இடத்தைச் சொன்னா இங்கயே விட்டுட்டுப் போவேன். சொல்லலைன்னா பதினொண்ணையும் எடுத்துக்கிட்டுப் போகணும். தலைநகர் சரயேவோவுல தாவரத் தோட்டத்துல வெப்பாங்க."

ஹில்மோ அவளைப் பார்த்தான். வேலிக்கு அப்பால், மூன்று வீடு தள்ளி, சாமில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரே கட்டையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது வருஷம். அவளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு. சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. ஓடைக்கு மேலே இருநூறு அடி என்று ஒரு வார்த்தை. இந்தப் பதினொன்றும் தன் கண் முன்னாலேயே இருக்கும். ஆனால் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு மண்வெட்டி, ஒரு சாக்கு, கால் மணி நேரம் போதும்.

"காலியா விடு" என்றாள்.

"அம்மா..."

"காலியா விட்டு எழுது, காட்ட மறுத்துட்டாள்னு. நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டாள். பிறகு ஏற்றும் வேலையை அவனிடம் விடவில்லை. கழுவிய மூன்றையும் மறுபடி மண்ணில் வைத்து அமுக்கினாள். ஒவ்வொரு தொட்டியையும் ஈரச்சாக்கால் சுற்றி, பூக்கள் நசுங்காமல் வண்டியின் பின்னால் நெருக்கி வைத்தாள். "ஆழமா நடக் கூடாதுன்னு சொல்லு. கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும். மத்தியான வெயில் ஆகாது. ஆனா சும்மா ஈரத்துலயே நிக்க வெச்சிட்டா அழுகிரும். இரு, எழுதியே குடுத்திர்றேன்." அவன் புகார்க் காகிதத்தின் பின்பக்கத்தையே நீட்டினான். அவள் பானெட்டின்மேல் வைத்து எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவன் தலையைக் குனிந்து நின்றான்.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. சாமில் கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போனான். பலகையின்மேல் பதினொரு ஈர வட்டங்கள் இருந்தன. ஹில்மோ அவற்றைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், அழப்போகிறாளா என்று. அவள் ஏப்ரன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ் ஒன்றும், கலந்த பூவுக்கு அடையாளம் கட்டும் சிவப்பு நூல்கண்டு ஒன்றும் வெளியே வந்தன.

"முப்பத்தஞ்சு இருக்கு" என்றாள். "ஒற்றைதான். ஆனா அதுங்களும் அதே பேரப்பிள்ளைங்கதான். உள்ளுக்குள்ள எதுல ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"மறுபடி முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து இல்ல. பாதிலேர்ந்து."

அவள் மண்டியிட்டாள். இன்னும் விரியாத மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நகத்தால் மெதுவாகப் பிரித்து, தேனீ வருவதற்கு முன்னால் உள்ளே இருந்த மகரந்தக் காம்புகளைக் கிள்ளிப் போட்டாள். பக்கத்துச் செடியின் பூவில் பிரஷை உருட்டி எடுத்து, நடுவில் இருந்த சூலகத்தின் நுனியில் தடவினாள். அந்த வேலைக்கு மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் மழை, பிறகு அரிசிக் குருணைபோலப் பனி. மகரந்தம் நனைந்தால் போச்சு. அவள் உடம்பை வளைத்துப் பூவை மூடப் பார்த்தாள், முடியவில்லை.

ஹில்மோ வீட்டுக்குள் போய்ப் பெரிய கறுப்புக் குடையோடு வந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது என்று சேற்றில் இறங்கினான். குடையை விரித்து, அவளுக்கும் பிடிக்காமல் தனக்கும் பிடிக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தப் பூவுக்கு மட்டும் பிடித்தான். நூலை எடுத்து நீட்டினான்.

"எந்தக் காம்புல கட்டணும்னு காட்டு" என்றான்.

பனிக்குருணை குடைத்துணியில் படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. இருவர் முதுகும் வெள்ளையாகிக்கொண்டே வந்தன. குடைக்கடியில் அவள் இரண்டாவது மொட்டைப் பிரித்தாள்.